தீட்டுக்கல்லின் தகுதி

சவரக்கத்தியின் வாய் மிக நுண்ணியது. அது சிறிது மழுங்கினும் மயிரை அறுக்காது இழுக்கும், தோலையும் புண்படுத்தும். ஆதலின் கத்தியைத் தீட்டும் கல்லைத் தேர்ந்தெடுத்தல் சவரத் தொழிலில் இன்றியமையாததாயிற்று.

அத்தகைய கற்களுள் பெயர்பெற்றது பெல்ஜியம் நாட்டு மஞ்சட்கல். அந்நாட்டின் ஆர்டென் மலைப்பகுதியில், வீல்சால்ம் என்னும் ஊரைச் சூழ்ந்த நிலத்தில் அது கிடைக்கின்றது. அதனைக் கோட்டிக்யூல் என்பர். சிறு தீட்டுக்கல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது அப்பெயர். ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த வண்டல் இறுகி அக்கல்லாயிற்று. கோமேதகத்திற்கு இனமாகிய கார்னெட் மணிகள் அதனுள் செறிந்துள்ளன. ஒரு மில்லிமீட்டரை நூறு கூறிட்டால் ஏறத்தாழ ஒரு கூறே ஒரு மணியின் அளவாகும். எஃகை அராவுவன அம்மணிகளே.

மஞ்சட்கல் நீலப் பலகைக்கல்லின் இடையே மெல்லிய அடுக்காக அமைந்துள்ளது. பழுதற்ற பெரிய துண்டு கிடைத்தல் அரிது. அதனால் விலையும் மிகும். எளிதில் உடையுமாதலின், அதன் அடியில் பலகைக்கல்லை ஒட்டி விற்பதும் உண்டு; இரண்டும் இயற்கையாகவே இணைந்த கற்களும் உண்டு. இவற்றை வேறு பிரித்தறிவது எங்ஙனம்? கல்லின் பக்கத்தை நோக்குக. ஒட்டிய கல்லில் இணைப்பு நேர்கோடாக ஓடும். நடுவே பசையின் வரி தோன்றும். இயற்கை இணைப்பில் பெரும்பாலும் இருநிறமும் ஏறியும் இறங்கியும் கலந்து நிற்கும். ஒட்டுதல் குற்றமன்று, ஒட்டியதை இயற்கை இணைப்பு எனக் கூறி மிகுவிலை கொள்ளுதலே குற்றம்.

கல்லின் இனத்தை நீர் காட்டும். நீர் தெளித்துத் தேய்த்தால் மஞ்சட்கல் பால்போன்ற குழம்பு தரும். நீலக்கல்லின் குழம்போ செந்நீலமாக இருக்கும். நீலக்கல்லில் மணிகள் குறைவாதலின் அது மெல்லவே தீட்டும்.

இனம் தெளிந்த பின்னும் ஆராய்ச்சி முடிந்ததாகாது. மஞ்சட்கற்களுள்ளும் ஒன்று விரைந்து அராவும். மற்றொன்று மெல்ல அராவி மெருகேற்றும். கல்லில் ஓடும் கோடுகளுள் சில வெறும் நிறமே. சில கடினமாயிருந்து கத்தியின் வாயைச் சிதைக்கும். பழைய கத்தி ஒன்றை அதன்மேல் மெல்ல ஓட்டினால், உறுத்தும் கோட்டைக் கை உணரும். பின்னர்க் குழம்பில் தொடங்கி, நீரைச் சிறிது சிறிதாக மிகுத்து, தெளிநீரில் தீட்டி முடித்தல் வேண்டும். அவ்வாறு தீட்டிய வாய் உருப்பெருக்கியில் பிளவின்றித் தோன்றுமாயின் கல் நல்லது எனத் துணியலாம்.

ஜெர்மனியின் தூரிங்கியாப் பகுதியில் எடுத்த பழைய கற்கள் சிலவற்றில் வணிகரின் பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அச்சீட்டு விலையை உயர்த்தும். ஆயினும் சீட்டை ஒரு கல்லினின்று உரித்து மற்றொன்றில் ஒட்டிவிடலாம். கல்லின் நுண்மையை அவ்வாறு மாற்றுதல் இயலாது. சீட்டற்ற சிறு துண்டாயினும் செம்மையாகத் தீட்டுமேல், தொழில் செய்வோனுக்கு அதுவே விலைமதிப்புடைய கல்லாகும்.