கடலடியில் ஒரு சென்சார்

ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு வல்லக்கோட்டைப் பக்கம் அறையெடுத்துத் தங்கியிருக்கும் பையன்களுக்கு சென்சார் புதிதல்ல. அழுத்தம் மாறினால் விளக்கு எரியும், லைன் நிற்கும். அதே வேலையைக் கடலடியில் செய்யும் கருவியைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் வங்கக் கடலில் நிறுத்திப் பராமரிக்கிறார்கள்.

ஆழ்கடலில் சுனாமி கண்ணுக்குத் தட்டுப்படாது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடி நடுங்கி இரண்டு மணி நேரம் கழித்துச் செயற்கைக்கோள் அளந்தபோது, நடுக்கடலில் அலையின் உயரம் சுமார் 60 செ.மீ. கப்பலில் போகிறவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் காற்று எழுப்பும் அலை மேற்பரப்போடு அடங்கிவிடும். சுனாமியோ அடியிலிருந்து மேல்மட்டம் வரை மொத்த நீரையும் அசைக்கும். அதனால்தான் மூன்று, நான்கு கி.மீ. ஆழத்தில் கிடக்கும் அழுத்தமானி, மேலே நீர்மட்டம் ஓரிரு சென்டிமீட்டர் உயர்ந்தாலும் கண்டுகொள்கிறது. ரேடியோ அலை கடல்நீருக்குள் எடுபடாது. எனவே செய்தி ஒலியாக, மேலே கடல்பரப்பில் நிற்கும் மிதவைக்கு ஏறுகிறது. மிதவை அதைச் செயற்கைக்கோளுக்கு அனுப்ப, அங்கிருந்து ஐதராபாத் சுனாமி எச்சரிக்கை மையத்துக்குப் போய்ச் சேர்கிறது. மையம் தொடங்கியது 2007 அக்டோபரில்.

2004-இல் இதெல்லாம் இல்லை. காலை ஆறரை மணிக்குச் சென்னையிலேயே நடுக்கம் உணரப்பட்டது. அலை வந்ததோ இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. அத்தனை அவகாசம் இருந்தும் கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

ஆபத்தில்லை என்று சொல்லவும் கருவி வேண்டும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா கடலில் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. கடலடி நிலம் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை. கடல்மட்ட அளவீடுகள் அதை உறுதிசெய்தன.

தீவுகளின் கதை வேறு. கார் நிகோபார் போன்ற இடங்களுக்கு அலை சில நிமிடங்களில் வந்துவிடும். மிதவையை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. சுமத்ராவை ஒட்டிய சிமெலு தீவில், 1907 பேரலையின் நினைவைப் பாட்டன் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். 2004-இல் நிலம் பலமாக ஆடியதும் சனங்கள் மேட்டுக்கு ஓடினார்கள். 70,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். என்னைக் கேட்டால், இதுவும் ஓர் எச்சரிக்கைக் கருவிதான்.

நம் மிதவைகளுக்குப் பெரிய தொல்லை மனிதர்களால் வருகிறது. அவற்றில் படகைக் கட்டுவதும் பாகங்களைக் கழற்றுவதும் நடக்கின்றன. ஒரகடத்தில் வேலை பார்க்கும் கடலோரத்துப் பையன்களே, ஊருக்குப் போகும்போது, நடுக்கடலில் மிதவையைக் கண்டால் விலகிப் போகும்படி வீட்டில் சொல்லுங்கள்.