பெட்ரோல் இருந்தும் பைக் நின்னு போகுதா? முதல்ல டேங்க் மூடியைத் திறந்து பாருங்க!

டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கும். ஆனால் பத்து கிலோமீட்டர் ஓடியதும் வண்டி இழுவை குறைந்து, இரண்டு முறை திணறிவிட்டு நின்றுவிடும். ஓரங்கட்டி, கொஞ்ச நேரம் கழித்து கிக்கரை உதைத்தால் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மறுபடி பத்து கிலோமீட்டர், மறுபடி அதே கதை. மேம்பாலத்தில் பின்னால் லாரி வரும் நேரத்தில் இப்படி நின்றால் உயிருக்கே ஆபத்து. கார்புரேட்டரை கழற்றி சர்வீஸ் செய்தும் தீராத இந்தப் பிரச்னைக்கு, பல நேரங்களில் காரணம் ஒரு பொடி ஓட்டைதான்.

மூச்சு விட முடியாத டேங்க்

பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று டேங்குக்குள் போக வேண்டும். அதற்காகவே மூடியில் சின்ன துவாரம் இருக்கிறது. தூசியோ துருவோ அதை அடைத்துவிட்டால், உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. கவிழ்த்த பாட்டிலில் தண்ணீர் 'குளுக் குளுக்' என்று விட்டு விட்டு இறங்குமே, அதே சங்கதிதான்.

வண்டி நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி மூடிதான். வெயிலில் நிறுத்திய வண்டியிலும் சத்தம் வரும். ஆனால் அது ஆவி வெளியே வரும் சத்தம், குழப்பிக்கொள்ள வேண்டாம். மூடியை காற்றடித்து சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 விதிக்குப் பிந்தைய வண்டிகளில், பெட்ரோல் ஆவி ஒரு கரி டப்பா வழியாகப் போகிறது. அதற்குப் போகும் டியூப் மடங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மழைக்குப் பிறகு மக்கர் பண்ணுதா?

பல பைக்குகளில் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் இன்னொரு ஓட்டை உண்டு. அங்கே தேங்கும் மழைத் தண்ணீர் அது வழியாகத்தான் கீழே வடியும். சேறு அடைத்தால் தண்ணீர் டேங்குக்குள் கசியும். வாட்டர் வாஷ் செய்த மறுநாள் வண்டி அடம்பிடிப்பதும் இதனால்தான்.

இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனாலுக்கு தண்ணீர் என்றால் ரொம்ப இஷ்டம். கொஞ்சம் தண்ணீர் என்றால் கலந்து போய்விடும். அளவு கூடினால், எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். என்ஜின் முதலில் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியைத்தான். மேலே புது பெட்ரோல் ஊற்றினாலும் அடியில் இருப்பது அப்படியே கிடக்கும். டேங்கை முழுசா காலி செய்வதுதான் வழி.

கார்புரேட்டர் வண்டியா, எஃப்.ஐ வண்டியா?

கார்புரேட்டர் வண்டியில் சோதனை சுலபம். என்ஜின் ஆறிய பிறகு, கார்புரேட்டரின் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவை தளர்த்தி பெட்ரோலைப் பிடியுங்கள். பக்கத்தில் சிகரெட் கூடவே கூடாது. நல்லா வந்துவிட்டு சொட்டாகக் குறைந்தால் டியூப், ஃபில்டர், மூடி என மேல்நோக்கித் தேடுங்கள். பிடித்ததில் அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் அது தண்ணீர். பெட்ரோல் தடையில்லாமல் வந்து, ஸ்பார்க் பிளக்கும் நனைந்திருந்தால் தேட வேண்டியது கரன்ட் பக்கம்.

எஃப்.ஐ வண்டியில் டியூபில் பெட்ரோல் அழுத்தத்தோடு நிற்கும். அதை நீங்களே பிடுங்கிப் பார்க்காதீங்க. சாவியைப் போட்டதும் டேங்குக்குள் ஓரிரு நொடி 'உய்ங்' சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் கில் சுவிட்ச், பேட்டரி, ஃபியூஸ் மூன்றையும் பார்த்த பிறகுதான் பம்ப் மேல் பழி போட வேண்டும். அந்தப் பம்ப்புக்கு குளிர்ச்சி தருவதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். தினமும் ரிசர்விலேயே ஓட்டினால் அது சூடாகி சீக்கிரமே படுத்துவிடும். மாற்றும் செலவு, மூடியை சுத்தம் செய்வது போல சில்லறையில் முடியாது.