வாசிப்புக்கென ஓர் ஆசிரியர்

பள்ளிக்குச் செல்வது வேறு. படிக்கக் கற்றுக்கொள்வது வேறு. தமிழகத்தில் தொடக்கப் பள்ளிச் சேர்க்கை ஏறத்தாழ முழுமை பெற்றுவிட்டது. ஆனால், ஊரகக் குழந்தைகளிடம் எடுக்கப்பட்ட 2022-ஆம் ஆண்டின் 'ஏசர்' ஆய்வில், தமிழகத்தின் 3-ஆம் வகுப்பு மாணவர்களில் 2-ஆம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம் மட்டுமே. அகில இந்திய அளவில் இது 20.5 சதவீதம். கரோனா கால முடக்கம் இதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. எனினும், முடக்கத்துக்கு முந்தைய 2018-ஆம் ஆண்டிலும் தமிழகத்தில் இது 10.2 சதவீதமாகவே இருந்தது.

தமிழக அரசு இதைக் கண்டும் காணாமல் இருந்துவிடவில்லை. 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி'யும், 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் தொடங்கப்பட்டன. குழந்தைகளை அவர்களின் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கும் அணுகுமுறை வரவேற்கத்தக்கது. ஆயினும், ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அரும்பு நிலையிலேயே தேங்கிவிடும் குழந்தைக்கு ஏன் வாசிப்பு வரவில்லை என்பதைக் கண்டறியும் பயிற்சி பெற்றவர் பள்ளியில் யார்?

வாசிப்பு, பேச்சைப் போலத் தானாக வருவதன்று. காஃப், டன்மர் என்னும் இரு உளவியல் ஆய்வாளர்கள் 1986-இல் அதற்கு ஓர் எளிய விளக்கம் அளித்தனர். எழுத்தை ஒலியாக மாற்றும் திறன், கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கற்பலனே வாசிப்பு என்றனர். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். எனவே, வாசிக்கத் திணறும் இரு குழந்தைகளுக்கு ஒரே மருந்து பொருந்தாது.

தமிழுக்கே உரிய சிக்கல்களும் உண்டு. 247 எழுத்துகளில் 216 உயிர்மெய் எழுத்துகள். 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன்னால் நிற்கிறது. 'கொ'வில் இரு புறமும் நிற்கிறது. ஆனால், ஒலிக்கும்போது மெய்யே முதலில் வருகிறது. 'கல்', 'தங்கம்', 'பகல்' ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் ஒரே வடிவில் இருந்தாலும் ஒலி மாறுகிறது. வீட்டில் 'வந்துட்டான்' என்று பேசும் குழந்தை, புத்தகத்தில் 'வந்துவிட்டான்' என்று வாசிக்க வேண்டியுள்ளது. இவற்றில் எந்த இடத்தில் குழந்தை தடுக்கி விழுகிறது என்பதைக் கண்டறிவது ஒரு தனித்திறன்.

நமது ஆசிரியர் தகுதித் தேர்வு அத்திறனைச் சோதிப்பதில்லை. அதன் முதல் தாளில் 150 மதிப்பெண்களில் குழந்தை வளர்ச்சிக்கும் கற்பித்தல் முறைக்கும் 30, மொழிப் பாடத்துக்கு 30 என ஒதுக்கப்பட்டுள்ளது. அனைத்தும் கொள்குறி வினாக்கள். ஒரு குழந்தையை அருகில் அமர்த்தி, அதன் வாசிப்பைக் கேட்டு, பிழையின் காரணத்தை உய்த்துணரும் ஆற்றலை விடைத்தாளில் அளக்க இயலாது.

அமெரிக்காவில் இதற்கென 'வாசிப்புச் சிறப்பாசிரியர்' என்ற தனிப் பணிநிலை உண்டு. எடுத்துக்காட்டாக, டெக்சாஸ் மாநிலத்தில் இச்சான்றிதழைப் பெற முதுநிலைப் பட்டம், இரண்டாண்டு கற்பித்தல் அனுபவம், அதற்குரிய பயிற்சி, தனித் தேர்வு ஆகியவை தேவை. இவர்கள் பின்தங்கிய குழந்தைகளுக்குச் சிறு குழுக்களாகக் கற்பிப்பதுடன், சக ஆசிரியர்களுக்கும் வழிகாட்டுகின்றனர்.

நம் நாட்டில் இதற்கு மிக நெருக்கமானவர், சிறப்புக் கல்வியில் பி.எட். பயின்று இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்த சிறப்பாசிரியர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. தொடக்க வகுப்புகளில் இத்தகைய மாணவர்கள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை மத்திய அரசு 2022-இல் அறிவித்தது. ஆனால், வாசிக்கத் தெரியாத குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் குறைபாடு ஏதுமில்லை. முறையாகக் கற்பிக்கப்படவில்லை என்பதே அவர்களின் குறை. மாற்றுத்திறன் சான்றிதழ் இல்லாத இவர்கள் சிறப்பாசிரியரின் எல்லைக்குள் வருவதில்லை. வகுப்பாசிரியருக்கோ பாடத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி. இரண்டுக்கும் இடையில் குழந்தை விடுபட்டுப் போகிறது.

வசதியுள்ள நகர்ப்புறப் பெற்றோர் இந்த இடைவெளியைப் பணத்தால் நிரப்பிக்கொள்கின்றனர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள கான்சாபுரம் போன்ற ஊரில் கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு அந்த வழியில்லை. அக்குழந்தைக்கு வாய்த்தது உள்ளூர்ப் பள்ளி மட்டுமே. 3-ஆம் வகுப்பில் வாசிக்க இயலாதவர், 6-ஆம் வகுப்பில் அறிவியலையும் வரலாற்றையும் எவ்வாறு படிப்பார்? வாசிப்பவர் மேலும் வாசித்து வளர்வதும், வாசிக்காதவர் மேலும் பின்தங்குவதும் கூட்டு வட்டியைப் போலப் பெருகும் என்பது கல்வி ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டிவரும் உண்மை.

இதற்கென ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு ஒன்றைத் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் வடிவமைக்கலாம். பணியிலிருக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் ஆர்வமுள்ளோரைத் தேர்ந்து, ஊதியத்துடன் அனுப்பலாம். படிப்பின் பாதிக் காலம் மேற்பார்வையுடன் கூடிய களப்பயிற்சியாக அமைய வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான குழந்தைகளை வாசிக்க வைத்துக் காட்டிய பின்னரே சான்றிதழ் வழங்க வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். கல்விச் சான்றிதழ் திறமையை வளர்க்காமல், அதன் அடையாளமாக மட்டுமே சந்தையில் செயல்படக்கூடும் என்பதைப் பொருளியல் அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் விளக்கினார். பதவி உயர்வுக்கும் ஊக்க ஊதியத்துக்கும் மட்டும் பயன்படும் பட்டயமாக இது மாறினால், கட்டணம் வசூலிக்கும் கல்லூரிகளே பயன்பெறும். பணியிடம் இல்லாத சான்றிதழும் பயனற்றது. பயிற்சி இல்லாத பணியிடமும் பயனற்றது. இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

ஒவ்வொரு பள்ளிக்கும் ஒருவர் என்பது இப்போதைக்கு இயலாது. அருகருகே உள்ள சில பள்ளிகளுக்கு ஒருவர் என்று தொடங்கலாம். முன்னேற விழையும் மாவட்டங்களுள் ஒன்றாக மத்திய அரசு 2018-இல் அறிவித்த விருதுநகரில், வத்திராயிருப்பு போன்ற ஓர் ஒன்றியத்தைச் சோதனைக் களமாகக் கொள்ளலாம். இவர்களைப் புள்ளிவிவரப் பதிவேற்றத்துக்கும் இதர அலுவலகப் பணிகளுக்கும் அனுப்பக் கூடாது என்பதை அரசாணையிலேயே குறிப்பிட வேண்டும்.

செலவு ஆகும்தான். ஆனால், ஐந்தாண்டுகள் பள்ளியில் அமர்ந்தும் வாசிக்கத் தெரியாமல் வெளியேறும் குழந்தைக்காகக் கட்டடத்துக்கும் சீருடைக்கும் உணவுக்கும் ஊதியத்துக்கும் அரசு ஏற்கெனவே செலவிட்டுவிட்டது. அந்தச் செலவைப் பயனுள்ளதாக்கும் கடைசிப் படியே வாசிப்புச் சிறப்பாசிரியர். அந்தப் படியை அமைக்க இனியும் தாமதிக்கக் கூடாது.