கொதிக்கும் இன்ஜின், குளிரும் ஹீட்டர்
(தொடர் – 14)

சமவெளியில் கார் ஓட்டுகிறவர்கள் ஹீட்டரை மறந்தே போயிருப்பார்கள். மார்கழி விடியலில் மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் மலைப்பாதையில் ஏறும்போதுதான் அந்தக் குமிழின் நினைவு வரும். முழுச் சூட்டுக்குத் திருப்பினால் குளிர்ந்த காற்று வீசுகிறது. அதே நேரத்தில் டெம்பரேச்சர் முள் மேலே போகிறது. பலர் இதை இரண்டு தனித்தனிக் கோளாறாக நினைத்து, “ஹீட்டரை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்” என்று ஏறிக்கொண்டே இருப்பார்கள். இன்ஜின் பாழாவது அந்த முடிவால்தான்.

ஹீட்டருக்கெனத் தனியாக நெருப்பு கிடையாது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. இன்ஜின் சூட்டைச் சுமந்து வரும் கூலன்ட்டை வாட்டர் பம்ப் அதற்குள் தள்ளுகிறது. அதன் மேல் பட்டு வரும் காற்றுதான் நமக்கு வெதுவெதுப்பு. இன்ஜின் கொதித்தும் காற்று குளிர்ந்திருந்தால், பெரும்பாலும் கூலன்ட் அங்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். அளவு குறைந்திருக்கும், காற்று அடைத்திருக்கும், அல்லது பம்ப் தள்ளவில்லை.

அந்த நிலையில் முள்ளையும் முழுதாக நம்ப முடியாது. கூலன்ட் வற்றி சென்சார் வெறும் ஆவியில் நின்றால், உண்மையான சூட்டை அது காட்டாது. ஆகவே முள் சிவப்பைத் தொடும்வரை காத்திருக்காதீர்கள். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். சூடு முழுவதும் தணியும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சும்.

அந்த மூடிக்கு இன்னொரு வேலை உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம்; திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி பிடித்துவைக்கும் அழுத்தம்தான் கொதிநிலையை 100-க்கு மேலே தூக்குகிறது. ரப்பர் தேய்ந்த மூடி சமவெளியில் எப்படியோ சமாளிக்கும். மலையில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆறிய பிறகு முதலில் அளவைப் பாருங்கள். ரிசர்வ் டப்பாவில் இருக்கிறதே என்று விட்டுவிடாமல், மூடி உள்ள வண்டியில் ரேடியேட்டருக்குள்ளும் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் ஹோஸ், ரேடியேட்டர், பம்ப், முன்சீட்டுக் கார்பெட் என்று கசிவைத் தேடுங்கள். அளவு சரியென்றால், ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் மெக்கானிக் தொட்டுப் பார்ப்பார். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் ஹீட்டருக்குள் அடைப்பு. போர் தண்ணீரையே ஊற்றிவந்த வண்டிகளில் உப்புப் படிந்து இது சாதாரணமாக நடக்கும். இரண்டுமே சூடென்றால் கூலன்ட் ஓட்டம் சரி. காற்றைத் திருப்பும் மடலில் கோளாறு, கொதிப்புக்கு வேறு காரணம்.

எங்கும் கசிவில்லாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே போனால் இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் வரவேண்டும். அது பழுதானால் சிலிண்டரின் வாயு கூலன்ட்டுக்குள் புகுந்து, திரும்பத் திரும்பக் காற்று அடைக்கும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ததுமே மேல் ஹோஸ் கல்லாக விறைப்பது, ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி வருவது, சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெண்புகை, ஆயில் பால் கலந்த காபி நிறமாவது, இவையெல்லாம் அதன் அடையாளங்கள். எல்லாம் சேர்ந்து வராது, ஒன்றிரண்டே போதும். நீல நிறத் திரவம் மஞ்சளாக மாறும் வாயுச் சோதனை ஒன்று உண்டு. ஹெட்டைக் கழற்றுமுன் அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கழற்றினால் லேத்தில் கொடுத்து ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்காமல் புது கேஸ்கெட் போட விடாதீர்கள்.

“தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிஞ்சிடலாம் சார், நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?” என்று பட்டறையில் சொல்வார்கள். எனக்கு இதில் கடும் எதிர்ப்பு உண்டு. கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அந்த வால்வு திறக்காமல் சிக்கினால் இன்ஜின் கொதிக்கும்தான், புதியதை மாற்றுங்கள். அதில்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் டீசலோ பெட்ரோலோ கூடுதலாகக் குடிக்கும். உண்மையான கோளாறும் மறைந்துகொள்ளும்.

பழுது நீங்கியதும் கூலன்ட் நிரப்பும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழி நிற்கும்வரை பொறுமையாக ஊற்றச் சொல்லுங்கள். ஹீட்டரில் சூடான காற்று வந்து, ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நின்ற பிறகு வண்டியை எடுங்கள்.

(தொடரும்)