ஆயாவுக்கு வாங்கின கொலாஜன் டப்பா: இருபது அமினோ அமிலமும் ஒரு தட்டு சோறும்

இந்த வாரம் கொஞ்சம் சொந்தக் கதையோட ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கோங்க.

எங்க ஆயா வடலூர்ல இருக்காங்க. வயசு 78. பிறந்ததுல இருந்து சைவம். வள்ளலார் ஊர்ல வளர்ந்தவங்க, முட்டை வாசனைகூட ஆகாது. போன தை மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ கவனிச்சேன், தரையில உட்கார்ந்தா எழுந்திரிக்க அவங்களால முடியலை. கையை ஊனி, சுவத்தைப் பிடிச்சு, ஒரு நிமிஷம் ஆகுது. காலைப் பார்த்தா சதையே இல்லை. டாக்டர் முதல்ல கேட்ட கேள்வி, "என்ன சாப்பிடுறீங்கம்மா?" பல் போனதுல இருந்து ரசம் சோறு, மோர் சோறு. அவ்வளவுதான். "சதை கரையுது, புரோட்டீன் பத்தலை"ன்னு சொல்லி அனுப்பிட்டார்.

நான் சென்னை வந்த உடனே போனை எடுத்தேன். ரீல்ஸ்ல எல்லாரும் குடிக்கிற கொலாஜன் பவுடர், மூட்டுக்கு நல்லது, தோலுக்கு நல்லதுன்னு போட்டிருந்தான். ஒரு டப்பா ஆர்டர் பண்ணி, அடுத்த வாரம் நேர்லயே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆயா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"இது எதுல செஞ்சதுடா?"

எனக்குத் தெரியலை. வெளியில வந்து பின்பக்கம் இருக்கிற பொடி எழுத்தைப் படிச்சேன். மீன் தோல். கொலாஜன்னா விலங்கோட தோல், எலும்பு, தசைநார்ல இருந்துதான் வரும், செடியில கொலாஜன் கிடையாது. 78 வருஷம் சைவமா இருந்த ஒருத்தருக்கு நான் அதைப் பால்ல கலக்கிக் கொடுக்க இருந்தேன். அது ஒரு தப்பு. ஆயாவோட பிரச்சனைக்கு அது சரியான மருந்தே இல்லைங்கிறது ரெண்டாவது தப்பு. இந்த எபிசோடு அந்த ரெண்டாவது தப்பைப் பத்தி. அதுக்கு "இது எதுல செஞ்சது?"ங்கிற கேள்வியை இன்னும் கொஞ்சம் ஆழமாக் கேட்கணும். புரோட்டீன் எதுல செஞ்சது?

அமினோ அமிலத்துல. நம்ம உடம்புப் புரதம் எல்லாத்துக்கும் அடிப்படை இருபதே இருபது அமினோ அமிலங்கள். இருபதுக்கும் உடல்வாகு ஒண்ணுதான்: நடுவுல ஒரு கார்பன், அதுல ஒரு பக்கம் அமினோ தொகுதி, இன்னொரு பக்கம் கார்பாக்சில் தொகுதி, மூணாவது கையில ஒரு ஹைட்ரஜன். நாலாவது கையிலதான் வித்தியாசம். அதைப் பக்கச் சங்கிலின்னு சொல்லுவாங்க. ஒண்ணோட அமினோவும் அடுத்ததோட கார்பாக்சிலும் கைகோத்து, ஒரு தண்ணீர் மூலக்கூறை வெளியே விட்டுட்டு, மாலை மாதிரி நீளும். அதுதான் புரதம்.

சிதம்பரம் கோயில் வாசல்ல கதம்பம் கட்டுறதைப் பார்த்திருப்பீங்க. மல்லி, கனகாம்பரம், மரு, திரும்ப மல்லி. நார் ஒண்ணுதான், பூதான் மாறுது. மாலையோட குணம் பூவுலதான் இருக்கு. அமினோ அமிலங்களை வகை பிரிக்கிறதும் அந்தப் பூவை, அதாவது பக்கச் சங்கிலியை வச்சுத்தான்.

வேதியியல்காரங்க கேட்கிற கேள்வி சிம்பிள்: இந்தப் பக்கச் சங்கிலிக்குத் தண்ணி பிடிக்குமா, பிடிக்காதா? வேலின், லியூசின், ஐசோலியூசின், ஃபினைல்அலனின் இதெல்லாம் எண்ணெய் ஜாதி. தண்ணியைக் கண்டா புரதத்துக்கு உள்ளே போய் ஒளிஞ்சுக்கும். செரின், திரியோனின் மாதிரி சிலதுக்கு மின்னேற்றம் இல்லை, ஆனா தண்ணியோட ஒத்துப்போகும். லைசின், ஆர்ஜினின் ரெண்டும் நம்ம ரத்தத்தோட அமிலத்தன்மையில நேர்மின்னேற்றத்தோட நிக்கும். அஸ்பார்ட்டிக் அமிலமும் குளுட்டாமிக் அமிலமும் எதிர்மின்னேற்றம். குளுட்டாமிக்கை உங்களுக்கு ஏற்கனவே தெரியும், அதோட சோடியம் உப்புதான் ஃப்ரைடு ரைஸ்ல போடுற அஜினோமோட்டோ.

இந்த மின்னேற்றம் எல்லாம் புத்தகச் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. தினமும் ராத்திரி உங்க வீட்டுல நடக்குது. பால்ல இருக்கிற கேசின் புரதத் துணுக்குகள் எல்லாம் எதிர்மின்னேற்றத்தோட இருக்கிறதால ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு மிதக்குது. பிறை ஊத்தினா பாக்டீரியா லாக்டிக் அமிலம் சுரக்கும். பி.எச் 4.6 பக்கம் வந்ததும் கேசினோட கூட்டல் கழித்தல் சரியாகி நிகர மின்னேற்றம் பூஜ்யம். தள்ளுறதுக்கு ஆள் இல்லை, எல்லாம் ஒட்டிக்குது. காலையில தயிர்.

ஒரே ஒரு பூ வகை மாறினா என்ன ஆகும்? இதை நான் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும், ஏன்னா இது நம்ம தமிழ்நாட்டுக் கதை. 1952-ல லேமன், கட்புஷ்னு ரெண்டு பேர் நீலகிரி மலைவாழ் மக்களோட ரத்தத்தைப் பரிசோதிச்சு, அங்கே அரிவாள் அணு மரபுக்கூறு இருக்குன்னு வெளியிட்டாங்க. இந்தியாவுல அதைப் பத்தின ஆரம்பப் பதிவு அது. ஹீமோகுளோபினோட பீட்டா சங்கிலியில 146 அமினோ அமிலம். ஆறாவது இடத்துல குளுட்டாமிக் அமிலம் இருக்கணும், தண்ணிக்குப் பிடிச்ச, மின்னேற்றம் உள்ள ஆள். அந்த நோய்ல அந்த இடத்துல வேலின் வந்து உட்கார்ந்திருக்கும், எண்ணெய் ஜாதி. வேலின் தண்ணியைத் தாங்காம, ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் பக்கத்து ஹீமோகுளோபின்ல இருக்கிற ஒரு பள்ளத்துல போய் ஒட்டிக்கும். அது அடுத்ததோட, அது அடுத்ததோட. கயிறு மாதிரி நீண்டு, சிவப்பணுவையே அரிவாளா வளைச்சிடும். 146-ல ஒண்ணு. வாழ்நாள் பூரா வலி. 1950-கள்ல கேம்பிரிட்ஜ்ல வெர்னன் இங்கிராம்தான் இந்த ஒத்தை மாற்றத்தைக் கண்டுபிடிச்சார்.

சரி, கொலாஜனுக்கு வருவோம். இதுலயும் நம்ம ஊர் ஆள் இருக்கார், ஜி.என்.ராமச்சந்திரன். 1952-ல சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரா வந்தவர். கொலாஜனோட வடிவம் என்னன்னு அப்போ யாருக்கும் தெளிவா பிடிபடலை. பக்கத்துலயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல்னாலே கொலாஜன்தானே! அங்கே இருந்து கிடைச்ச கங்காரு வால் தசைநாரை எக்ஸ்ரேயில வச்சுப் பார்த்தாங்க. 1954-ல ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க: கொலாஜன்ங்கிறது மூணு இழை முறுக்கின கயிறு.

மூணு இழை நெருக்கமா முறுக்கணும்னா உள்பக்கம் இடம் இருக்காது. அதனால ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் கிளைசின். இருபதுலயே சின்னது அதுதான், பக்கச் சங்கிலி வெறும் ஒரு ஹைட்ரஜன். அது மட்டும்தான் அந்தச் சந்துல நுழையும். மீதி இடங்கள்ல புரோலின் நிறைய. ஜடை பின்னும்போது நடுவுல முடிச்சு வராமப் பார்த்துக்கிற மாதிரி. எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும், கிண்டி பக்கம் போகும்போதெல்லாம் யார்கிட்டயாவது சொல்லிடுவேன்.

ஆனா இதே காரணத்தாலதான் கொலாஜன் டப்பா ஆயாவுக்கு உதவாது. கயிறா இருக்கிறதுக்கு அது அருமையான புரதம், சாப்பாடா அது அரைகுறை. மூணுல ஒரு பங்கு கிளைசின், அதை உடம்பே தயாரிச்சுக்கும்.

இங்கேதான் ரெண்டாவது வகைப்பாடு. இருபதுல ஒன்பதை உடம்பால செய்யவே முடியாது, சாப்பாட்டுல வந்தே ஆகணும்: ஹிஸ்டிடின், ஐசோலியூசின், லியூசின், லைசின், மெத்தியோனின், ஃபினைல்அலனின், திரியோனின், டிரிப்டோஃபேன், வேலின். கொலாஜன்ல டிரிப்டோஃபேன் சுத்தமா இல்லை. ஜிம் பசங்களுக்கும் ஒண்ணு: நீங்க வாங்குற பி.சி.ஏ.ஏ டப்பாவுல இருக்கிறது இந்த ஒன்பதுல மூணு மட்டும். மீதி ஆறு இல்லாம அந்த மூணை வச்சு சதை கட்ட முடியாது.

கதம்பத்துக்கே போவோம். மல்லி கூடை கூடையா இருக்கு, மரு தீர்ந்துடுச்சு. கட்டுறவங்க கை அங்கேயே நின்னுடும். மிச்ச மல்லியை நாளைக்குன்னு எடுத்து வைக்கவும் முடியாது. கொழுப்பைச் சேர்த்து வைக்கிற மாதிரி அமினோ அமிலத்துக்கு உடம்புல குதிர் கிடையாது. மிஞ்சினதை எரிச்சு, நைட்ரஜனை யூரியாவாக்கி சிறுநீர்ல அனுப்பிடும்.

அரிசியில அப்படித் தீர்ந்துபோற பூ லைசின். பருப்புல லைசின் நிறைய, ஆனா மெத்தியோனின் கம்மி. அரிசியில அந்த மெத்தியோனின் பரவாயில்லை. ஒண்ணோட ஓட்டையை இன்னொண்ணு அடைக்குது.

ஆயா தட்டுக்குக் கணக்குப் போட்டேன். எடை 50 கிலோ. ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம்னு வச்சா நாளைக்கு 1500 மில்லிகிராம் லைசின் வேணும். 200 கிராம் அரிசியில புரதம் சுமார் 14 கிராம், லைசின் கிட்டத்தட்ட 500. தேவையில மூணுல ஒண்ணு! ரசத்துல ஒண்ணும் பெருசா இல்லை, நீர்மோர் சும்மா பேருக்கு. 60 கிராம் துவரம்பருப்பு சேர்த்தா இன்னொரு 900. பால், தயிர்னு 300 மில்லி சேர்த்தா இன்னும் 700 பக்கம். லைசின் தாண்டிடுச்சு. மொத்தப் புரதம் அப்பவும் 37 கிராம்தான் வருது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்றது கிலோவுக்கு 0.83, ஆயாவுக்கு 41 கிராம் சொச்சம். ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையை அரைச்சுத் துவையல் வச்சா அதுவும் சரி. கிட்னிப் பிரச்சனை இருக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேட்காம புரதத்தைக் கூட்டாதீங்க. எல்லாம் ஒரே கவளத்துல சேரணும்னும் இல்லை, அன்னைக்குள்ள வந்தாப் போதும்.

இந்தக் கணக்கைப் பேப்பர்ல எழுதி ஆயாகிட்ட பெருமையா விளக்கினேன். மருவு, மல்லி எல்லாம் சொல்லி. ஆயா முழுசாக் கேட்டுட்டு, "பருப்பு போட்டுச் சோறு சாப்பிடணும்கிற. இதுக்கா இவ்வளவு?"ன்னாங்க. அப்புறம் மெதுவா, "பருப்பு விக்கிற விலைக்கு ஒத்த ஆளுக்கு எதுக்குடா சாம்பார்னு விட்டுட்டேன்"னாங்க. பல்லு ஒரு சாக்கு. நான் டப்பாவுக்குக் கொடுத்த காசுல அவங்களுக்கு ஒரு வருஷத்துப் பருப்பு வாங்கியிருக்கலாம். இது எனக்குத் தோணவே இல்லை.

அன்னைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் தருமச்சாலைக்குப் போனோம். 1867 மே 23-ல வள்ளலார் தொடங்கினது, அன்னைக்குப் பத்தவச்ச அடுப்பு இன்னைக்கும் அணையாம எரியுது. சோறும் சாம்பாரும் போட்டாங்க. ஆயா சாம்பாரை ரெண்டு தடவை கேட்டு வாங்கினாங்க.

இப்போ மாசாமாசம் ரெண்டு கிலோ துவரம்பருப்பு நான் அனுப்புறேன். குழைய வேகவச்சு, மசிச்சு, நெய் விட்டுச் சாப்பிடுறாங்க. டாக்டர் சொன்னபடி நாற்காலியில உட்கார்ந்து எழுந்திரிக்கிற பயிற்சியும் நடக்குது, சதைக்கு அதுவும் வேணும். போன வாரம் வீடியோ கால்ல சுவத்தைப் பிடிக்காம எழுந்திரிச்சுக் காட்டினாங்க. கையை மட்டும் ஊனினாங்க.

டப்பாவைத் திருப்பி அனுப்ப முடியலை, திறந்தா ரிட்டர்ன் கிடையாதாம். என் ரூம்ல அலமாரிக்கு மேலே இருக்கு.