இருவரின் வாழ்க்கை, ஒருவரின் போனில்: உங்கள் போட்டோக்கள் பத்து வருடம் தாங்குமா?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அலாரம் வைத்து எழுந்து, இருவரும் பைக்கில் நந்தி மலைக்குப் போகிறீர்கள். பனிமூட்டம், சூரிய உதயம், வழியில் சாப்பிட்ட இட்லி, வீடு திரும்பியதும் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிப்போன துணை என்று மொத்தம் 80 போட்டோ. அதில் 3 ஸ்டேட்டஸில் ஏறுகிறது. மீதி 77?

"என் போன்லதானே இருக்கு, எங்க போயிடப் போகுது?" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில். பிரச்னையும் அங்கேதான் இருக்கிறது. நம் அப்பா, அம்மாவின் கல்யாண ஆல்பம் பீரோவில் இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். இன்று ஒரு தம்பதியின் சமையலறை, டிரெக்கிங், பால்கனித் தோட்டம், பிறந்தநாள் கேக் எல்லாமே பெரும்பாலும் ஒருவருடைய போனில், ஒருவருடைய கணக்கில், ஒரே ஒரு பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருக்கின்றன. அந்த போன் தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும்? அந்தக் கணக்கு முடங்கினால்? விரிவாகப் பார்ப்போம்.

கூகுள் போட்டோஸில் தானாக ஏறுகிறதே, அது போதாதா?

முதலில், உண்மையிலேயே ஏறுகிறதா என்று பாருங்கள். உயர்தரப் படங்களை அளவில்லாமல் இலவசமாகச் சேமிக்கும் வசதியை கூகுள் 2021 ஜூன் 1-ம் தேதியுடன் நிறுத்திவிட்டது. இப்போது இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஒரு போட்டோ 3 எம்பி என்று வைத்தால், வேறு எதுவுமே இல்லாவிட்டாலும் சுமார் 5,000 போட்டோவில் இடம் தீர்ந்துவிடும். ஐகிளவுடில் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. இடம் தீர்ந்ததும் பேக்கப் நின்றுவிடும். அதைச் சொல்லும் அறிவிப்பை நாம் வழக்கம்போல் தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம்.

இரண்டாவது, சிங்க் வேறு, பேக்கப் வேறு. பேக்கப் ஆன ஒரு படத்தை கூகுள் போட்டோஸ் செயலியில் நீக்கினால், அது போனிலிருந்தும் கிளவுடிலிருந்தும் சேர்ந்தே போகும். தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு மீட்க முடியாது. ஐபோனில் 'சமீபத்தில் நீக்கியவை' பகுதியில் 30 நாள் இருக்கும். "போன்ல இடம் இல்ல, கிளவுட்லதான் இருக்கே" என்று ஆயிரம் படங்களை மொத்தமாக அழித்துவிட்டுத் தவிப்பது இப்படித்தான். இடம் வேண்டுமானால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' வசதியைப் பயன்படுத்துங்கள். அது போனில் உள்ள நகலை மட்டும்தான் நீக்கும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டால்?

"எனக்கும் அனுப்பிடு" என்றதும் வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறோம். பார்ப்பதற்கு அது போதும், பாதுகாப்பதற்குப் போதாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் அசல் அப்படியே போவதில்லை. போனில் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. பெரிதாக பிரிண்ட் போட்டால் தெரியும்.

இன்னொரு இழப்பும் உண்டு. போட்டோ எடுத்த தேதி, நேரம், இடம் ஆகியவை எக்சிஃப் என்ற பெயரில் படத்தோடு சேர்ந்தே பதிவாகின்றன. சாதாரணப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது இந்தத் தகவல்கள் உதிர்ந்துவிடுகின்றன. நீங்கள் இருவரும் பறவை பார்ப்பவர்கள் என்றால் இதன் அருமை புரியும். எந்த ஏரியில், எந்த மாதத்தில் அந்த மீன்கொத்தியைப் பார்த்தோம் என்பதுதான் அந்தப் படத்தில் பாதி விஷயம். இ-பேர்டு, ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பதிவு செய்யவும் தேதியும் இடமும் வேண்டும். தோட்டம் வளர்ப்பவர்களுக்கும் அப்படித்தான். எப்போது விதைத்தோம், எப்போது பூத்தது என்பதை மொட்டை மாடிப் படங்களின் தேதியே சொல்லிவிடும்.

அசலையே அனுப்ப வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது?

கணினித் துறையில் இருப்பவர்களுக்கு 3-2-1 விதி தெரிந்திருக்கும். 3 நகல்கள், 2 வகைச் சேமிப்பு, அதில் 1 வேறு இடத்தில். ஆபீஸ் டேட்டாவுக்கு இதைச் செய்யும் நாம் வீட்டு போட்டோவுக்குச் செய்வதில்லை. ஒரு தம்பதிக்கு இது சுலபம்தான்:

• முதல் நகல், இருவரின் போனிலும் இருப்பது.

• இரண்டாவது நகல், கிளவுட். கூகுள் போட்டோஸில் 'பார்ட்னர் ஷேரிங்' வசதி உண்டு. எல்லாப் படங்களையும் பகிரலாம், குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு எடுத்ததை மட்டும் பகிரலாம், குறிப்பிட்டவர்களின் முகம் உள்ளதை மட்டும்கூடப் பகிரலாம். ஒன்றைக் கவனியுங்கள்: துணை பகிர்ந்ததைப் பார்க்க முடிவதால் அது உங்களிடம் இருப்பதாக ஆகிவிடாது. உங்கள் கணக்கில் 'சேவ்' ஆக வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2022-ல் வந்த 'ஷேர்டு போட்டோ லைப்ரரி' இருக்கிறது. 6 பேர் வரை சேரலாம். ஆனால் அதை ஆரம்பித்தவரின் ஐகிளவுட் இடத்தில்தான் மொத்தமும் கணக்காகும்.

• மூன்றாவது நகல், ஒரு ஹார்டு டிஸ்க். வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளி லீவிலோ கல்யாண நாளிலோ, 'கூகுள் டேக்அவுட்' மூலம் எல்லாவற்றையும் இறக்கி அதில் போடுங்கள். ஊருக்குப் போகும்போது அதை அம்மா வீட்டு பீரோவில் வைத்துவிடலாம். ஹார்டு டிஸ்க்கும் கெட்டுப்போகக்கூடிய பொருள்தான், அதனால் அதை மட்டும் நம்பி மற்றதை அழித்துவிடாதீர்கள்.

ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"ச்சே, என்ன பேச்சு இது" என்று தோன்றும். ஆனால் இதைத் தள்ளிப்போட்டவர்கள்தான் பிறகு பூட்டிய போனைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள். 2 வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை, அதிலுள்ள போட்டோக்களோடு சேர்த்து நீக்கலாம் என்பது கூகுளின் கொள்கை. 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதாவது ஒருவர் இல்லாமல் போனால், அவர் எடுத்த படங்களும் மெல்ல இல்லாமல் போகலாம்.

தடுக்க வழி உண்டு. கூகுள் கணக்கில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்ற அமைப்பில், குறிப்பிட்ட மாதங்கள் கணக்கு அசைவில்லாமல் இருந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதையெல்லாம் அவர் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்பே சொல்லிவைக்கலாம். ஆப்பிளில் இதற்கு 'லெகசி கான்டாக்ட்' என்று பெயர். நீங்கள் கொடுத்துவைத்த அணுகல் குறியீடும் இறப்புச் சான்றிதழும் இருந்தால் அவருக்குப் படங்கள் கிடைக்கும். இரண்டையும் அமைக்க 10 நிமிடம்கூட ஆகாது. இன்சூரன்ஸில் நாமினி போடுகிறோம் அல்லவா, அது மாதிரிதான்.

சட்டப்படி போட்டோ யாருடையது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி, போட்டோவின் ஆசிரியர் அதை எடுத்தவர். படத்தில் இருப்பவர் அல்ல. உங்களை உங்கள் துணை எடுத்த படத்தின் பதிப்புரிமை துணையுடையது. ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படங்களுக்கு விதி வேறு. பிரீ-வெட்டிங் ஷூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், 17-வது பிரிவின்படி முதல் உரிமையாளர் அதை எடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்தவர்தான். 'வேறு மாதிரி ஒப்பந்தம்' என்ற இடத்தில்தான் கவனம் தேவை. உங்கள் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ஸ்டூடியோ தரும் தாளில் ஒரு வரி இருக்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்.

எடுத்தவருக்கு உரிமை உண்டு என்பதால் எதையும் வெளியிடலாம் என்று அர்த்தமில்லை. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைக் காட்டும் படத்தைச் சம்மதம் இல்லாமல் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தனிமையில் இருக்கும் பெண்ணின் அந்தரங்கப் படங்களைப் பற்றி பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. எடுக்கச் சம்மதித்திருந்தாலும், மற்றவர்களுக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை என்றால், அனுப்புவது குற்றம். கணவன், காதலன் என்ற உறவு இதற்கு விலக்கு தராது. இப்படி யாராவது மிரட்டினால் மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம்.

பகிர்வதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

சாதாரண படங்களுக்கும் ஒரு பழக்கம் வைத்துக்கொள்வது நல்லது. "இதைப் போடட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சோபாவில் வாயைத் திறந்து தூங்கும் படம் உங்களுக்கு அழகாகத் தெரியலாம். துணையின் மேனேஜரும் அதைப் பார்ப்பார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அசல் கோப்பாக யாருக்காவது அனுப்பும்போது இடத் தகவலும் சேர்ந்து போகும். பால்கனிச் செடியை விற்பனைக் குழுவில் போட்டால் வீட்டு முகவரியே போன மாதிரி. அனுப்பும் முன் லொகேஷனை நீக்கும் வசதி இன்றைய போன்களில் இருக்கிறது. வெளியூரில் இருக்கும்போதே 'வீட்டில் யாரும் இல்லை' என்று ஊருக்குச் சொல்லாமல், டூர் படங்களைத் திரும்பி வந்த பிறகு போடுவதும் நல்லது.

கடைசியாக, எதை எடுப்பது?

உங்கள் கேலரியை இப்போதே திறந்து இரண்டு விஷயங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, உங்கள் சமையலறை. இப்போது வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டை இன்னும் சில வருடங்களில் காலி செய்துவிடுவீர்கள். மலை அங்கேயே இருக்கும், மறுபடியும் போகலாம். இந்தச் சமையலறைக்குத் திரும்ப வர முடியாது. அதில் துணை தோசை வார்க்கும் படம் ஒன்றாவது இருக்கிறதா?

இரண்டாவது, எப்போதும் போட்டோ எடுப்பவர். பெரும்பாலான ஜோடிகளில் ஒருவர்தான் எடுப்பார். அதனாலேயே எந்தப் படத்திலும் அவர் இருக்க மாட்டார். அந்த ஆள் நீங்கள் என்றால், அடுத்த முறை போனைத் துணையிடம் கொடுங்கள். அந்த ஆள் உங்கள் துணை என்றால், நீங்களே கேட்டு வாங்குங்கள்.

பிறகு, வருடத்துக்கு 50 படங்களை இருவரும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்து 4x6 அளவில் பிரிண்ட் போடுங்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று ஒரு சண்டை வரும், வரட்டும். அந்த ஆல்பத்துக்குச் சார்ஜ் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

இன்றைக்கு இரவு சாப்பிட்ட பிறகு ஒரே ஒரு வேலை: இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்து, கடைசியாக எப்போது பேக்கப் ஆனது என்று பாருங்கள். போன வருடத் தேதி காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். அங்கிருந்து தொடங்குங்கள்.