22 ஊசியில் ஒரு பாட்டு

நம்ம திருப்பூர்ல 30 இஞ்ச் டயா, 24 கேஜ் நிட்டிங் மெஷினைப் பார்த்திருப்பீங்க. 2,200-க்கு மேல ஊசி. அதே துணியை 22 ஊசியில் ஓட்டச் சொன்னா? காக்ளியர் இம்பிளாண்ட் கதையும் அதுதான். உள்காதில் சுமார் 3,500 உணர்செல்கள் செய்யும் வேலையை 12 முதல் 22 எலெக்ட்ரோடுகள் செய்கின்றன. பேச்சு புரியும், தாளம் பிடிபடும், மெட்டு நழுவும்.

இதை எப்படி அளக்கறாங்க? ரெண்டு ஸ்வரம் வாசித்து, எது மேல்னு கேட்பாங்க. வரிகளை எடுத்துட்டு, மெட்டை வச்சே பாட்டைக் கண்டுபிடிக்கச் சொல்வாங்க. ஆனா இதுல மார்க் குறைஞ்ச சிலர் பாட்டை ரசிக்கறாங்க. நல்லா வாங்கின சிலர் இசையையே ஒதுக்கறாங்க. அதனால ரசனையைக் கேள்வித்தாள் வச்சு தனியா அளக்கணும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சின்ன வயசுல இம்பிளாண்ட் வச்சவங்க இப்போ காலேஜ் வர்ற வயசு. பக்கத்து பெஞ்சில் இருந்தா, "பாட்டு கேட்குதா?"ன்னு மட்டும் நிறுத்தாம, "பிடிச்சிருக்கா?"ன்னும் கேளுங்க.